இரவு மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 68. நான்கு ஆண்டுகளுக்கு முன் அப்பா காலமானபோது, தூக்கமில்லாமல் தவித்த அம்மாவுக்கு எங்கள் ஊர் மருத்துவர் இரவில் போடுவதற்கு அல்பிரசோலம் 0.25 மி.கி. மாத்திரையை இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். அது நிற்கவே இல்லை. பழைய சீட்டைக் காட்டியே மருந்துக்கடையில் வாங்கி வந்தோம். இரண்டு ஆண்டுகளாக 0.5 மி.கி. எடுக்கிறார். படர்தாமரைக்காகத் தோல் மருத்துவர் தந்த இட்ரகொனசோல் கேப்சூலைப் பத்து நாள் சாப்பிட்டிருந்த நிலையில், சென்ற மாதம் ஓர் இரவு கழிவறைக்குப் போகும்போது விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. தூக்க மாத்திரைதான் காரணம் என்று உறவினர் ஒருவர் சொன்னதால் அட்டையோடு தூக்கி எறிந்தேன். மூன்று இரவுகள் அம்மா கண் மூடவில்லை. கை நடுங்கியது, வியர்த்தது, நெஞ்சு படபடத்தது. பயந்துபோய் மறுபடி கொடுத்ததும் சரியாகிவிட்டது. அம்மா போதைக்கு அடிமையாகிவிட்டாரா? இதை நிறுத்த முடியுமா? பழக்கமாகாத வேறு தூக்க மாத்திரை இருக்கிறதா? சளி மாத்திரை கொடுத்தால் தூக்கம் வரும் என்கிறார்களே, கொடுக்கலாமா? அம்மா எட்டரை மணிக்கே படுத்துவிடுவார். மாத்திரை போட்டும் இரண்டரை மணிக்கு விழித்துக்கொள்கிறார்.
(ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்)

அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரையைத் திரும்பக் கொடுத்தது தவறோ என்ற கலக்கம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அன்று நீங்கள் செய்தது சரியே. நான்கு ஆண்டுகள் இடைவிடாமல் எடுத்த அல்பிரசோலத்தை ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கம் போவதும், கை நடுங்குவதும், வியர்ப்பதும், நெஞ்சு படபடப்பதும் அந்த மருந்து உடலை விட்டு விலகுவதன் அடையாளங்கள். சிலருக்கு அது மனக்குழப்பத்திலோ வலிப்பிலோ போய் முடிவதுண்டு. அதற்கு முன் வாழ்நாளில் ஒருமுறைகூட வலிப்பு வந்திராத முதியவர்களை அந்த நிலையில் அவசரப் பிரிவில் நானே பார்த்திருக்கிறேன். ஆகவே மருத்துவரை நேரில் பார்க்கும்வரை, இப்போதுள்ள அளவைக் கூட்டாமலும் குறைக்காமலும் வழக்கமான நேரத்தில் கொடுத்து வாருங்கள். அந்தச் சந்திப்பைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரத்துக்குள் போய்விடுங்கள். பகலிலும் அவருக்கு மந்தமோ, தள்ளாட்டமோ, பேச்சுக் குழறலோ இருந்தால் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.

இந்த மாத்திரை உடலுக்குள் என்ன செய்கிறது என்பது தெரிந்தால், உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். மூளையில் நரம்பணுக்களைக் கிளர்ந்தெழச் செய்யும் வேதிப்பொருள்கள் இருப்பதுபோல, அவற்றை அடக்கி அமைதிப்படுத்தும் பொருள்களும் உண்டு. அவற்றுள் முதன்மையானது காபா. நீங்கள் டெல்டாக்காரர் என்பதால் வாய்க்கால் மதகை வைத்தே சொல்கிறேன். ஒவ்வொரு நரம்பணுவின் சுவரிலும் சிறு சிறு மதகுகள் இருக்கின்றன. காபா வந்து தொட்டால் மதகு திறந்து, எதிர்மின்னேற்றம் கொண்ட குளோரைடு அயனிகள் உள்ளே பாய்கின்றன. அந்த அணு கிளர்ச்சி குறைந்து அடங்குகிறது. அல்பிரசோலம், டயசிபம், குளோனசிபம், லோரசிபம் ஆகிய பென்சோடயசிபைன் வகை மருந்துகள் தாமாக எந்த மதகையும் திறப்பதில்லை. மதகின் வேறொரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, காபா தொடும்போது அது வழக்கத்தைவிட அடிக்கடி திறக்கும்படி செய்கின்றன. பதற்றம் தணிவதும், தசை தளர்வதும், கண் செருகுவதும், வலிப்பு அடங்குவதும் எல்லாம் இந்த ஒரே செயலின் விளைவுகள். விழித்திருக்கும் மூளையின் வேகத்தைக் குறைப்பதுதான் இவற்றின் வேலை. நடையில் தள்ளாட்டமும் நினைவில் மறதியும் பக்கவிளைவு என்று தனியே சொல்லப்பட்டாலும், அவையும் அதே வேலையின் பகுதிகளே.

இதற்கு முந்தைய தலைமுறை மருந்துகள் இன்னும் அச்சம் தருபவை. 1903ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எமில் ஃபிஷரும் ஜோசப் ஃபொன் மேரிங்கும் அறிமுகப்படுத்திய பார்பிட்டாலில் தொடங்கி, பார்பிச்சுரேட் வகை மருந்துகளே அரை நூற்றாண்டுக்கும் மேல் உலகத்தைத் தூங்கவைத்தன. அவை மதகை நெடுநேரம் திறந்தே வைத்திருக்கும். அளவு கூடினால் காபாவே இல்லாமலும் மதகைத் திறந்துவிடும். அதனால் மூச்சை நடத்தும் மூளைப் பகுதியும் அடங்கிப்போய், தூங்குவதற்கான அளவுக்கும் உயிர் போவதற்கான அளவுக்கும் நடுவில் சிறிய இடைவெளியே இருந்தது. லியோ ஸ்டெர்ன்பாக் கண்டறிந்த குளோர்டயசிபாக்சைடு 1960ஆம் ஆண்டிலும் டயசிபம் 1963ஆம் ஆண்டிலும் விற்பனைக்கு வந்தபோது மருத்துவ உலகம் பெருமூச்சு விட்டது. தனியாக எடுத்தால் இவற்றால் மூச்சு நிற்பது அரிது என்பது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். அந்த நிம்மதியில்தான், இவை நாளடைவில் உடலில் வேரூன்றிவிடும் என்பதை மருத்துவர்களாகிய நாங்கள் கவனிக்கத் தவறினோம். மதுவோடும், ஓபியம் வகை வலிமருந்துகளோடும் சேர்ந்தால் இவையும் மூச்சை அடக்கும் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தாயாருக்கு எலும்பு முறிந்திருக்கிறது. வலிக்கு அந்த வகையைச் சேர்ந்த டிராமடால் கலந்த மாத்திரை எழுதியிருக்கிறார்களா என்று சீட்டில் பாருங்கள். எழுதியிருந்தால், இரவில் அல்பிரசோலம் எடுப்பதை எலும்பு மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். டிராமடாலுக்கு வலிப்பைத் தூண்டும் இயல்பும் உண்டு என்பதால், தூக்க மாத்திரையைத் திடீரென விட்ட ஒருவருக்கு அது இரட்டை ஆபத்தாகும்.

இந்த மருந்துகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. நிற்காமல் வரும் வலிப்பை நரம்பு வழியே செலுத்திய லோரசிபம் சில நிமிடங்களில் அடக்குவதைப் பார்த்த எவரும் அப்படிச் செய்யமாட்டார்கள். உள்நோக்கிப் பரிசோதனைக்கு (எண்டோஸ்கோபி) முன் தரும் மிடசோலமும், குடியை விட்டவருக்கு வரும் நடுக்கத்துக்குத் தரும் டயசிபமும் அன்றாடம் உயிரைக் காத்து வேதனையைத் தணிக்கின்றன. கணவரைப் பறிகொடுத்து இரவெல்லாம் அழும் ஒருவருக்குச் சில இரவுகள் தூங்க வழி செய்த அந்த மருத்துவரும் தவறாக எதையும் எழுதிவிடவில்லை. அவர் எழுதியது இரண்டு வாரத்துக்கு. அந்த இரண்டு வாரம் நான்கு ஆண்டுகளாக நீண்டதில்தான் சிக்கல்.

நீள நீள என்ன நடக்கிறது? நாள்தோறும் மதகு அளவுக்கு மீறித் திறப்பதை மூளை பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. அது மதகுகளின் கூருணர்வைக் குறைத்துக்கொள்கிறது, மறுபுறம் கிளர்ச்சியூட்டும் பொருள்களின் வேலையைக் கூட்டிக்கொள்கிறது. அதனால் பழைய அளவு சில வாரங்களிலேயே போதாமல் போகிறது. 0.25 மி.கி. என்பது 0.5 மி.கி. ஆனது இப்படித்தான். இந்த நிலையில் மாத்திரையைச் சட்டென்று எடுத்துவிட்டால், தணிக்கும் கை விலகிப்போய், கூட்டி வைத்த கிளர்ச்சி மட்டும் தடையின்றி நிற்கும். அந்த மூன்று இரவுகளில் நீங்கள் கண்ணால் கண்டது அதைத்தான். நிறுத்தியதும் தூக்கம் முன்னிலும் மோசமாகப் போவதைப் பார்த்து, மாத்திரை இல்லாமல் அம்மாவால் தூங்கவே முடியாது என்று குடும்பங்கள் முடிவு கட்டிவிடுகின்றன. விலகலால் வந்த தூக்கமின்மையைப் பழைய நோயென்று எண்ணுவதால் விளையும் பிழை அது.

அம்மா போதைக்கு அடிமையா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வி உங்களை மிகவும் வருத்தியிருக்கும் என்று நினைக்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். நீங்கள் எழுதியுள்ளதை வைத்துப் பார்த்தால், இல்லை. அடிமையானவர் மருந்தின் கிளர்ச்சிக்காக ஏங்குவார், அளவைத் தாமே ஏற்றிக்கொண்டே போவார், பொய் சொல்லியாவது வாங்குவார், வீடும் உறவும் கெடுவது தெரிந்தும் விடமாட்டார். உங்கள் தாயார் கொடுத்ததைக் கொடுத்தபடி எடுத்துக்கொண்டவர். அவருடைய உடல் அந்த மருந்தைச் சார்ந்து நிற்கிறது. மருத்துவத்தில் இதற்கு உடல்சார்பு என்று பெயர். சொன்னபடி மருந்து சாப்பிட்ட எவருக்கும் இது வரலாம். இதில் அவருடைய குணத்துக்கோ மன உறுதிக்கோ தொடர்பில்லை. தயவுசெய்து அவர் காதுபட ‘அடிமை’ என்ற சொல்லை வீட்டில் யாரும் பயன்படுத்த வேண்டாம். அந்தச் சொல்லுக்கு வெட்கப்பட்டு, மருத்துவரிடம் மாத்திரையை மறைத்த தாய்மார்கள் பலரை எனக்குத் தெரியும்.

இனி அந்த விழுகைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் சொல்லியிருந்த இட்ரகொனசோல் கேப்சூல்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அல்பிரசோலத்தைச் சிதைத்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரலில் ஒரு நொதி செய்கிறது. நலமாக உள்ள இளையவர் உடலில் ஒரு மாத்திரையின் பாதி அளவு வெளியேறச் சராசரியாக 11 மணி நேரம் ஆகிறதென்றால், முதியவர்களுக்கு ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகிறது. அதாவது, இரவு எட்டரைக்குப் போட்டதில் பாதி மறுநாள் நண்பகலிலும் உள்ளே இருக்கும். இட்ரகொனசோல் அதே நொதியை முடக்கும் மருந்து. இரண்டையும் சேர்த்து எடுத்தால் அந்த 16 மணி நேரம் இரு மடங்குக்கு மேலும் நீண்டு, நேற்றைய மாத்திரை தீர்வதற்குள் இன்றையது, இன்றையது தீர்வதற்குள் நாளையது என்று இரத்தத்தில் குவிந்துகொண்டே போகும். இவ்விரண்டையும் சேர்த்துத் தரக்கூடாது என்பது அல்பிரசோலத்தின் மருந்துக் குறிப்பிலேயே எழுதப்பட்டுள்ள தடை. கேப்சூல் தொடங்கிய பத்தாம் நாளில் அவர் விழுந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் என் முதல் ஐயம் இந்தச் சேர்க்கையின் மேல்தான். தோல் மருத்துவரிடம் இரவு மாத்திரையைப் பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டால், அது எப்போதும் போடுவதுதானே என்று விட்டிருப்பீர்கள். ஆண்டுக்கணக்கில் தொடரும் மாத்திரை வீட்டில் சாப்பாட்டைப் போல ஆகிவிடுவதால், அதை மருந்தாகவே யாரும் எண்ணுவதில்லை.

அந்தக் கேப்சூல் இன்னும் தொடர்கிறதா என்பதை முதலில் பாருங்கள். தொடர்ந்தால், இரு மருத்துவர்களுக்கும் இன்றே தெரிவித்து, படர்தாமரைக்கு மேற்பூச்சு போன்ற மாற்று உண்டா என்று கேளுங்கள். கேப்சூலை நிறுத்தினாலும் அதன் முடக்கும் செயல் சில நாள்கள் நீடிக்கும் என்பதால், அந்த நாள்களில் அல்பிரசோலத்தின் அளவை என்ன செய்வது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். நெஞ்சுச் சளிக்குத் தரும் கிளாரித்ரோமைசினும் இதே நொதியைத் தடுக்கும் என்பதை ஒரு தாளில் எழுதி மருந்துப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். மணிக்கட்டுக்கு அறுவை சிகிச்சை செய்வதாக இருந்தால், மயக்க மருத்துவருக்கும் இந்த நான்கு ஆண்டுக் கதை தெரிய வேண்டும். அவர் தரும் மருந்துகளின் அளவு அதைப் பொறுத்து மாறும்.

நிறுத்த முடியுமா என்றால், முடியும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த வகை மருந்துகளைக் கூடியமட்டும் தவிர்க்க வேண்டும் என்பதே முதியோர் மருத்துவத்தின் நிலைப்பாடு. விழுதல், எலும்பு முறிவு, மறதி, குழப்பம் ஆகிய நான்கும் அதற்குக் காரணங்கள். ஆனால் நிறுத்துவதற்கு நாள் கணக்கு உதவாது, மாதக் கணக்கு வேண்டும். பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அப்போதுள்ள அளவில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாகக் கழிப்போம். உடல் ஏற்றுக்கொண்டால் சற்று விரைவாகவும், நடுக்கமோ பதற்றமோ வந்தால் அதே படியில் நின்றும் போவோம். சிறிய அளவு மாத்திரைகளையும், அவற்றைப் பிளந்த துண்டுகளையும் கொண்டு இதைச் செய்வதுண்டு. சிலருக்கு மெதுவாக வெளியேறும் வேறொரு மருந்துக்கு மாற்றிக் குறைப்போம், ஆனால் டயசிபம் முதியவர் உடலில் பல நாள் தங்கி மேலும் தள்ளாட வைக்கும் என்பதால், விழுந்து எழுந்த ஒருவருக்கு அந்த வழியை மிகுந்த யோசனைக்குப் பிறகே எடுக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்துக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டயசிபத்தோடு ஒப்பிட்டால் அல்பிரசோலம் விரைவில் இறங்கும் மருந்து. ஒன்றுவிட்டொரு நாள் கொடுத்தால், வாரத்தில் மூன்று நான்கு முறை அந்தச் சிறிய விலகலை அவர் அனுபவிக்க நேரும். ஒரு படி இறக்கியதும் சில இரவுகள் தூக்கம் கெடும் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். எதிர்பார்த்து வரும் துன்பத்தை நம் தாய்மார்கள் தாங்கிவிடுவார்கள். எதிர்பாராமல் வரும்போதுதான் கலங்குகிறார்கள்.

பழைய சீட்டில் நான்கு ஆண்டுகள் வாங்கியது பற்றியும் ஒரு சொல். அல்பிரசோலம், விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடுள்ள மருந்துகளுக்காக 2013ஆம் ஆண்டில் இந்தியாவில் அறிவிக்கப்பட்ட எச்1 அட்டவணையில் உள்ள மருந்து. விற்கும் கடைக்காரர் மருத்துவரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் தந்த அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இரண்டு வாரச் சீட்டு இரண்டாவது முறை செல்லாது என்று அன்றே யாராவது மறுத்திருந்தால், இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதியிருக்கமாட்டீர்கள். கடைக்காரரும் நீங்களும் அம்மாவின் மேலுள்ள பரிவினால்தான் அதைச் செய்தீர்கள் என்பதை அறிவேன். இருந்தாலும், இனி ஒவ்வொரு அட்டையும் புதிய சீட்டின் மேலேயே வரட்டும்.

மாற்று மாத்திரைகளைப் பற்றி நீங்கள் கேட்டதற்குச் சுருக்கமாகவே விடை சொல்வேன், ஏனென்றால் ஒரு மாத்திரையின் இடத்தில் இன்னொன்றை வைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை வேதி அமைப்பில் வேறுபட்டாலும் அதே மதகில்தான் ஒட்டுகிறது. அரைத்தூக்கத்தில் எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது போன்ற விபரீதங்களுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. சளிக்கும் அரிப்புக்கும் தரும் ஃபெனிரமின் போன்ற பழைய மாத்திரைகள், மூளையை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமினைத் தடுப்பதால் தூக்கம் வரவழைக்கின்றன. கூடவே வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, முதியவர்களுக்கு மனக்குழப்பம் ஆகியவற்றையும் வரவழைப்பதால், உங்கள் தாயாருக்கு அவை வேண்டவே வேண்டாம். மெலடோனின் இருட்டியதும் மூளையின் பினியல் சுரப்பி சுரக்கும் பொருள். அதை மாத்திரையாகத் தந்தால் பழக்கம் ஏற்படுவதில்லை, பலனும் மிதமானதே. அளவைக் குறைத்து வரும் காலத்தில் துணையாகச் சேர்க்கலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். பாலில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய் கலந்து தருவது உங்கள் வீட்டு வழக்கமாக இருந்தால் இருக்கட்டும், ஆனால் தூக்கம் வரவில்லையே என்று அளவைக் கூட்டிவிடக் கூடாது. கரண்டிக் கணக்கில் போனால் ஜாதிக்காய் நெஞ்சுப் படபடப்பையும் மனமயக்கத்தையும் உண்டாக்கும்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நான் இருமுறை படித்தேன். எட்டரை மணிக்குப் படுத்து இரண்டரை மணிக்கு விழிக்கிறார் என்கிறீர்கள். ஆறு மணி நேரம். 68 வயதில் இரவுத் தூக்கம் இலேசாவதும், முன்னதாக வருவதும், முன்னதாகக் கலைவதும் இயல்பு. பகலில் ஒரு மணி நேரம் கண்ணயர்கிறார் என்றால் அவருடைய கணக்கு ஏறக்குறைய நேராகிவிடுகிறது. அப்படியானால் அவரை வாட்டுவது தூக்கக் குறைவா, தூங்கி முடித்த பின்னும் விடியாத இரவா? நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக இன்று பரிந்துரைக்கப்படுவது மருந்தில்லாத நடத்தைப் பயிற்சி. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016ஆம் ஆண்டில் இதையே முன்வைத்தது. அதன் உயிர்நாடி எளியது. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் தூக்கத்துக்கான பசி சேர்கிறது. அந்தப் பசி முற்றிய பிறகே பாயை விரிக்க வேண்டும். எட்டரை என்பதை ஒன்பது, ஒன்பதரை, பத்து என்று வாரத்துக்கு அரை மணியாகத் தள்ளுங்கள். காலையில் எழும் நேரத்தை ஞாயிறு, பண்டிகை என்று பாராமல் ஒரே நேரமாக வையுங்கள். பகல் தூக்கம் அரை மணியோடு நிற்கட்டும், மாலைக் காபி மூன்று மணிக்குள் முடியட்டும். படுத்து இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால், புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து வந்து நாற்காலியில் அமர்ந்து எதையாவது படிக்கட்டும், தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது திரும்பட்டும். உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நின்று திணறுவதும் உண்டா என்பதையும் இரண்டு இரவு கவனித்துச் சொல்லுங்கள், இருந்தால் இந்த மாத்திரை அதை இன்னும் மோசமாக்கியிருக்கும். இரத்த அழுத்த மாத்திரையில் சிறுநீர் போக்கும் மருந்து கலந்திருந்து அதை இரவில் எடுக்கிறார் என்றால், காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். இரவில் எழும் தடவை குறைந்தாலே விழும் வாய்ப்பும் குறையும். படுக்கையிலிருந்து கழிவறை வரை மங்கலான விளக்கு ஒன்று இன்றிரவே எரியட்டும், வழியிலுள்ள கால்மிதி அகலட்டும், கழிவறைச் சுவரில் பிடி ஒன்று இந்த வாரத்துக்குள் பொருத்தப்படட்டும்.

இன்னொன்று மீதி இருக்கிறது. விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழித்து, மறுபடி தூங்க முடியாமல் கிடப்பது மனச்சோர்வு நோயின் நன்கறியப்பட்ட அடையாளங்களில் ஒன்று. இந்த மாத்திரை வீட்டுக்குள் வந்ததே உங்கள் தந்தையின் மறைவையொட்டி. தூக்கத்துக்கு மருந்து கிடைத்துவிட்டதால், அந்தத் துயரத்தைப் பற்றி அவரிடம் யாரும் கேட்காமலே நான்கு ஆண்டுகள் போயிருக்கலாம். பசி எப்படி, எடை குறைந்திருக்கிறதா, கோயிலுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போவதில் பழைய விருப்பம் இருக்கிறதா, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறதா என்று பாருங்கள். அப்படிப் பேச்சு வந்தால் மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டு, மறுநாளே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனச்சோர்வு இருப்பது தெரிந்தால் அதற்குரிய சிகிச்சை தனியாக உண்டு. அதைத் தொடங்கிய பிறகு இரவு மாத்திரையைக் குறைப்பது எளிதாவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மருத்துவரிடம் போவதற்கு முன், வரும் நாள்களில் ஓர் இரவு அம்மாவின் அருகில் படுத்துக்கொள்ளுங்கள். இரண்டரை மணிக்கு அவர் விழிக்கும்போது, அந்த நேரத்தில் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் அம்மா என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.